தாம்பரத்துக்கென்று ஒரு சர்வர்

தாம்பரம் மாநகராட்சி 2021 நவம்பரில் உருவானது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும் சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து 70 வார்டுகள் ஆயின. அரசாணையில் ஒன்றாகிவிட்ட இந்த ஊருக்குத் தனக்குள் பேசிக்கொள்ள ஓர் இடம் இல்லை. வாட்ஸ்அப் குரூப்புகள் இருக்கின்றன. தெருவுக்கு ஒன்று, அடுக்ககத்துக்கு ஒன்று, நலச்சங்கத்துக்கு ஒன்று, நலச்சங்கத்தோடு கோபித்துக்கொண்டு போனவர்களுக்கு ஒன்று.

மழைநாளில் இப்படி ஒரு குரூப் எப்படி நடக்கும் என்பது புறநகர்வாசிகளுக்குத் தெரியும். காலை ஆறரைக்கு “கரண்ட் எப்ப வரும் சார்?” என்று ஒருவர் கேட்பார். பதிலாக நான்கு பேர் அதே கேள்வியைக் கேட்பார்கள். நடுவே பிள்ளையார் படத்தோடு ஒரு காலை வணக்கம். லைன்மேன் நம்பர் யாரிடமாவது இருக்கிறதா என்றால், “போன மாசமே போட்டேனே, மேல பாருங்க” என்று பதில் வரும். மேலே போனால் நானூறு செய்திகள். கிளாம்பாக்கத்துக்கு ஷேர் ஆட்டோ எங்கே நிற்கும், மாநகராட்சித் தண்ணீர் இன்று வருமா, காணாமல் போன நாய், மறைமலைநகரில் மனை விற்பனை. மனை விளம்பரத்தை நீக்கச் சொல்லிச் சண்டை வரும். அட்மின் குரூப்பைப் பூட்டுவார். லைன்மேன் நம்பர் கடைசி வரை கிடைக்காது.

கேட்ட கேள்வியும் கிடைத்த விடையும் தங்குகிற மாதிரி, ஊர்க்காரர்களே நடத்துகிற ஒரு சிறிய சமூக வலைச்சேவையை இங்கே அமைக்க முடியுமா? முடியும். ஒரு சனி ஞாயிறு போதும். அதை மூன்று வருடம் நடத்த முடியுமா என்பதுதான் யோசிக்க வேண்டிய விஷயம். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

தேவை இருக்கிறதா என்பதைப் பற்றி அதிகம் வாதிட வேண்டியதில்லை. 2015 டிசம்பர் 1 தொடங்கிய 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது, செம்பரம்பாக்கத்தில் 47. அடையாற்றங்கரையில் முடிச்சூரும் வரதராஜபுரமும் முழுகின. அந்த வாரம் மக்களுக்குத் தகவல் கொடுத்தவை தன்னார்வலர்கள் அவசரமாகக் கட்டிய கருவிகள். ‘சென்னைரெயின்ஸ்’ என்ற இணையதளம் தங்குமிடம், சாப்பாடு, படகு விவரங்களைத் திரட்டியது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் ஆர்வலர்கள் போட்ட வெள்ள வரைபடத்தில் யார் வேண்டுமானாலும் தன் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று குறிக்கலாம். வெள்ளம் வடிந்ததும் அவையும் வடிந்துவிட்டன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

மழை இல்லாத நாளிலும் ஊர் கூடிப் பேசினால் காரியம் நடக்கும் என்பதற்கு சிட்லபாக்கம் சாட்சி. ‘சிட்லபாக்கம் ரைசிங்’ என்ற பெயரில் திரண்ட குடியிருப்புவாசிகள் 2019 கோடையில் ஏரிக்குள் இறங்கிக் குப்பை அள்ளினார்கள், தொடர்ந்து பேசினார்கள், எழுதினார்கள். அதே ஆண்டு ஏரிச் சீரமைப்புக்கு அரசு 25 கோடி ரூபாய் அறிவித்தது. ஆள் திரட்டியதில் சமூக ஊடகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் அந்த உழைப்பின் பதிவுகள் வெளிநாட்டு நிறுவனத்தின் சொத்தாகக் கிடக்கின்றன. நிறுவனம் மூடினால் என்ன ஆகும் என்பது தமிழர்களுக்குப் புதிதல்ல. ராயர் காப்பி கிளப், மரத்தடி போன்ற குழுக்களில் தமிழ் எழுத்துலகமே ஒரு காலத்தில் யாஹூவில் கூடியது. 2020 டிசம்பரில் யாஹூ தன் குழுக்களையே மூடிவிட்டது. ட்விட்டருக்கு இந்தியாவின் மாற்று என்று மார்தட்டிய பெங்களூரு ‘கூ’, தமிழிலும் இயங்கிய ‘கூ’, 2024 ஜூலையில் கடையைக் கட்டியது.

அப்படியானால் பக்கத்து ஊர்க்காரர்களை நம்பலாமே என்று தோன்றும். தாம்பரத்திலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே போனால் கூடுவாஞ்சேரிக்கு அருகே வல்லாஞ்சேரியில் ஸோஹோவின் பெரிய வளாகம். அவர்களுடைய ‘அரட்டை’ செயலி 2021 ஜனவரியில் வந்தது. 2025 செப்டம்பரில் திடீரென்று புகழ்பெற்றது. மூன்றே நாளில் தினசரிப் பதிவு 3,000த்திலிருந்து 3,50,000 ஆனதாக ஸோஹோ நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு அறிவித்தார். அழைப்புகள் முழு மறையாக்கத்தோடு இருந்தன, எழுத்துச் செய்திகளுக்கு அப்போது அது இல்லை. அதைப் பற்றி நாடே விவாதித்தது. விவாதம் நல்லதுதான். ஆனால் மறையாக்கம் வேண்டுமா, எப்போது வேண்டும் என்ற முடிவில் வல்லாஞ்சேரிக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருப்பவருக்கும் எந்தப் பங்கும் இல்லை. நிறுவனம் எவ்வளவு கிட்டத்தில் இருந்தாலும் சேவை ஊருடையது ஆகிவிடாது.

ஊருடையது ஆகக்கூடிய மென்பொருள் இப்போது தாராளமாகக் கிடைக்கிறது. ஜெர்மனியில் ஆய்கன் ரோக்கோ 2016இல் வெளியிட்ட மாஸ்டடான் அவற்றில் பிரபலமானது. யார் வேண்டுமானாலும் தன் சர்வரில் நிறுவலாம். ஒரு சர்வரில் கணக்கு வைத்திருப்பவர் வேறு சர்வரில் இருப்பவரைப் பின்தொடரலாம், மின்னஞ்சல் போல. இதற்கான பொது நெறிமுறை ஆக்டிவிட்டிபப். 2018 ஜனவரியில் டபிள்யூ3சி அமைப்பு அதை ஏற்றது. இந்தியர்களுக்கு இது அறிமுகமானது 2019 நவம்பரில். உச்ச நீதிமன்ற மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் கணக்கை ட்விட்டர் முடக்கியது, கோபத்தில் ஆயிரக்கணக்கானோர் மாஸ்டடானுக்குப் போனார்கள். பெரும்பாலோர் சில வாரங்களில் திரும்பிவிட்டார்கள். அவர்கள் போனது ஊருக்காக இல்லை, கோபத்துக்காக. கோபம் ஆறினால் போன இடத்தில் என்ன வேலை?

மாஸ்டடான் கொஞ்சம் கனமான மென்பொருள். போஸ்ட்கிரெஸ், ரெடிஸ், சைட்கிக் என்று பல உறுப்புகளை ஓட்ட வேண்டும்; 2 ஜிபி நினைவகம் இருந்தால் மூச்சு வாங்கும், 4 இருந்தால் ஓடும். ‘கோடுசோஷியல்’ அதைவிட இலகு, 1 ஜிபி போதும், தரவுத்தளம் முழுவதையும் எஸ்க்யூலைட் கோப்பு ஒன்றிலேயே வைத்துக்கொள்ளும். ஆனால் பதிவுகளைப் படிக்கவும் போடவும் சொந்த முகப்பு கிடையாது, டஸ்கி போன்ற செயலியைத் தனியாக நிறுவிக்கொள்ள வேண்டும். மாமனாரின் போனில் அதை யார் நிறுவுவது? என் வாக்கு ‘ஹோம்டவுன்’ பக்கம். அமெரிக்கரான டேரியஸ் கஸேமி மாஸ்டடானில் சில மாற்றங்கள் செய்து உருவாக்கியது. ஒரு பதிவு நம் சர்வரைத் தாண்டிப் போகக் கூடாது என்று சொல்லும் வசதி அதில் உண்டு. ராஜகீழ்ப்பாக்கத்தில் குழாய் உடைந்த செய்தி பெர்லினுக்குப் போய் என்ன ஆகப்போகிறது? கஸேமி தன் நண்பர்களுக்காக ஐம்பது, நூறு பேரளவில் ஒரு தளத்தை நடத்தியவர். அந்த அனுபவத்தை 2019இல் கையேடாகவும் எழுதினார். தொழில்நுட்பப் பகுதி அதில் கொஞ்சம்தான். மீதியெல்லாம் மனிதர்களைப் பற்றியது.

சர்வரை எங்கே வைப்பது என்பதில்தான் ஆர்வலர்கள் முதலில் இடறுகிறார்கள். ராஸ்பெரி பை ஒன்றை வாங்கி, ரவுட்டர் பக்கத்தில், ஃபிரிட்ஜ் மேலே வைத்துவிடலாம் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். கணக்குப் போட்டால் கவர்ச்சியாகத்தான் இருக்கிறது. 10 வாட் பெட்டி மாதம் முழுக்க ஓடினாலும் ஏழு யூனிட் சொச்சம். இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் ஒரு மூலைக்குக் காணாது. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நம் வீட்டு பைபர் இணைப்புகள் பலவற்றுக்குத் தனி ஐ.பி. முகவரி கிடையாது. நிறுவனம் ஒரே பொது முகவரியை நிறைய வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கிறது. வாசலில் ஒரே கதவு எண், உள்ளே நாற்பது வீடு, எந்த வீட்டுக்கும் பெயர்ப்பலகை இல்லை என்றால் தபால்காரர் என்ன செய்வார்? வெளியிலிருந்து வருகிறவர் நம் பெட்டியைக் கண்டுபிடிக்க முடியாது. நிலையான முகவரிக்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள். இல்லாவிட்டால் கிளவுட்ஃபிளேர் போன்ற நிறுவனத்தின் சுரங்கவழியைப் பிடிக்க வேண்டும். அப்போது ஊர் சர்வரின் வாசல் சான்பிரான்சிஸ்கோக்காரர் கையில் போய்விடும்.

முகவரி கிடைத்தாலும் மழை இருக்கிறது. தெருவில் தண்ணீர் நின்றால் மின்வாரியம் பாதுகாப்புக்காக மின்சாரத்தை நிறுத்திவிடும், நிறுத்தத்தான் வேண்டும். இன்வெர்ட்டர் சில மணி நேரம் தாங்கும். பைபர் கம்பி மின்கம்பங்களில் தொங்கி வருகிறது. தெருமுனைப் பெட்டியில் கரண்ட் போனால் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் பயன் இல்லை. முடிச்சூர்க்காரர்களுக்குச் சேவை தேவைப்படும் அதே மணி நேரத்தில் முடிச்சூரில் வைத்த சர்வர் அணைந்துவிடும். அதனால் பெட்டி ஊருக்குள் இருந்தே ஆக வேண்டும் என்ற பிடிவாதம் எனக்கு இல்லை. மும்பையிலோ பெங்களூரிலோ வாடகைச் சர்வர் எடுக்கலாம். சிறுசேரியில்கூடப் பெரிய தரவு மையங்கள் வந்துவிட்டன. மாதம் ஆயிரம் ரூபாய் சுற்றிச் செலவு. பாஸ்வேர்டும் டொமைனும் பேக்கப்பும் யார் கையில் என்பது முக்கியம். வட்டு எந்த ஊரில் சுழல்கிறது என்பது இரண்டாவது.

வீட்டில் வைப்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. 2023 மே மாதம் அமெரிக்காவில் ‘கொலெக்டிவா’ என்ற மாஸ்டடான் சர்வரின் நிர்வாகி வீட்டில் எஃப்.பி.ஐ. வேறு ஏதோ விசாரணைக்காகச் சோதனை போட்டது. அங்கிருந்த கருவிகளோடு, மறையாக்கம் செய்யாத பேக்கப்பும் போய்விட்டது. அந்த வழக்குக்கு எந்தத் தொடர்பும் இல்லாத உறுப்பினர்கள் எல்லோருடைய தகவலும் அதில் இருந்தது.

சின்னச் சின்ன எரிச்சல்களும் இருக்கின்றன. அவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கணக்கு தொடங்குகிறவருக்கு உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் போக வேண்டும். புதிய சர்வரிலிருந்து போகும் மின்னஞ்சலை ஜிமெயில் ஸ்பாமில் தள்ளும். ஆண்ட்ராய்டு போன் வைத்திருக்கும் கிட்டத்தட்ட எல்லோருக்கும் ஜிமெயில் முகவரி உண்டு, திறந்து பார்ப்பவர்கள் குறைவு. சரி, ஓ.டி.பி. அனுப்பலாம் என்றால் டிராய் விதிப்படி டி.எல்.டி. தளத்தில் நிறுவனமாகப் பதிந்து, செய்தி வாசகத்துக்கும் முன்னனுமதி வாங்க வேண்டும். ஏழெட்டுப் பேர் கூடி நடத்தும் சேவைக்கு அது தலைவலி. நேரில் பார்த்து அழைப்புச் சுட்டி கொடுப்பது எளிது. படங்கள் வட்டை நிரப்பும், வெளிச் சர்வர்களோடு இணைந்திருந்தால் இன்னும் வேகமாக. பெரியவர்கள் தட்டச்சு செய்ய மாட்டார்கள், குரல் செய்திதான் அனுப்புவார்கள். குரலில் தேடவும் முடியாது, தவறாகப் பேசியதைச் சட்டென்று கண்டுபிடிக்கவும் முடியாது.

சட்டத்தைப் பற்றி ஆர்வலர்கள் பேசுவதே இல்லை. 2021 பிப்ரவரியில் வந்த தகவல் தொழில்நுட்ப இடைநிலையர் விதிகள் ஃபேஸ்புக், வாட்ஸ்அப்புக்கு மட்டுமானவை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. 50 லட்சம் பயனர்களுக்கு மேல் உள்ளவர்களுக்குக் கூடுதல் கடமைகள் உண்டு என்பது உண்மை. ஆனால் அடிப்படைக் கடமைகளுக்குக் கீழ் வரம்பு கிடையாது. முந்நூறு பேருக்கு நடத்தினாலும் விதிமுறைகளையும் தனியுரிமைக் கொள்கையையும் வெளியிட வேண்டும். குறைதீர் அலுவலரின் பெயரும் தொடர்பு முகவரியும் போட வேண்டும். புகார் வந்தால் 24 மணி நேரத்துக்குள் கிடைத்ததென்று சொல்லி, 15 நாளில் தீர்க்க வேண்டும் என்பது 2021 விதி. நீக்கிய பதிவையும், விலகிப் போனவரின் பதிவு விவரத்தையும் 180 நாள் வைத்திருக்க வேண்டும். நீதிமன்றமோ அரசோ உத்தரவிட்டால் 36 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்று 2021 விதிகள் சொல்லின. பிறகு வந்த திருத்தங்கள் நெருக்கடியைக் கூட்டினவே ஒழியக் குறைக்கவில்லை. 2022 ஏப்ரலில் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட ஆணைப்படி, சர்வருக்குள் யாராவது புகுந்தால் ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். 2023இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயதுக்குக் கீழ் எல்லோரும் குழந்தைகள். பெற்றோர் சம்மதத்தைச் சரிபார்க்க வேண்டும். சின்னச் சேவைக்கு உள்ள நடைமுறை வழி, பெரியவர்களை மட்டும் சேர்ப்பது.

இவற்றைச் செய்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவு பாதுகாப்புத் தருகிறது: அடுத்தவர் போட்ட பதிவுக்கு நடத்துகிறவர் பொறுப்பில்லை. நீதிமன்ற ஆணையோ அரசின் அறிவிப்போ வந்த பிறகுதான் ‘தெரிந்தும் விட்டுவைத்தார்’ என்று கொள்ள முடியும் என ஷ்ரேயா சிங்கால் வழக்கில் 2015இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும், கரூர் வழக்கறிஞர்களின் வாட்ஸ்அப் குரூப் பற்றிய வழக்கில், அட்மின் வேலையை மட்டும் பார்த்தவரைப் பிறர் பதிவுக்காகக் குற்றவாளி ஆக்க முடியாது என்றது. ஆனால் வாட்ஸ்அப் அட்மினிடம் தரவு எதுவும் இல்லை. சர்வர் நடத்துகிறவரிடம் எல்லாம் இருக்கிறது. காவல் நிலையத்திலிருந்து விவரம் கேட்டுக் கடிதம் வந்தால் பதில் எழுத வேண்டியவர் அவர்தான்.

இதையெல்லாம்விடப் பெரிய பாரம் மாடரேஷன். 2018 மே மாதம் பிள்ளை பிடிக்கிறவர்கள் உலாவுகிறார்கள் என்ற வதந்தி வட தமிழகத்தில் வாட்ஸ்அப்பில் ஓடிக்கொண்டிருந்தது. பல்லாவரத்திலிருந்து உறவினர்களோடு போளூர்ப் பக்கம் குலதெய்வக் கோயிலுக்குப் போன முதிய பெண் ஒருவர் வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். ஊரார் கூடி அடித்ததில் உயிரிழந்தார். அந்த ஆண்டு ஜூலையில்தான் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து பேருக்கு மேல் ஃபார்வர்ட் செய்ய முடியாதபடி கட்டுப்படுத்தியது. புறநகர் குரூப்புகளில் இன்றும் சி.சி.டி.வி. படம் போட்டு “இவன்தான் திருடன், ஷேர் பண்ணுங்க” என்று எழுதுகிறார்கள். வீட்டு வேலைக்கு வரும் பெண்ணின் போட்டோவைப் போட்டு எச்சரிக்கிறார்கள். அந்தப் பெண் அந்தக் குரூப்பில் இல்லை, பதில் சொல்லவும் முடியாது. ஊர் தனக்கென்று சேவை அமைத்தால் முதல் வாரத்திலேயே இப்படி ஒரு பதிவு வரும். நீக்கினால் போட்டவர், அதுவும் தெரிந்தவர், பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரர், கோபிப்பார். பெருநிறுவனத்தின் மாடரேட்டருக்கு இந்தச் சங்கடம் இல்லை. அவர் முகம் யாருக்கும் தெரியாது. அவருக்குத் தமிழ் தெரியுமா என்பதும் தெரியாது.

இந்தச் சங்கடத்தைச் சமாளித்த உதாரணம் அமெரிக்காவின் வெர்மாண்டில் இருக்கிறது. 2006இல் மைக்கேல் வுட்-லூயிஸ் தம்பதி பர்லிங்டன் நகரில் தொடங்கிய ‘ஃபிரண்ட் போர்ச் ஃபோரம்’ அக்கம்பக்கத்தார் பேசிக்கொள்ளும் சேவை. உண்மைப் பெயர், தெருப் பெயர் கட்டாயம். எந்தப் பதிவும் ஒருவர் படித்துப் பார்த்த பிறகே வெளியாகும். எல்லாவற்றையும் தொகுத்து நாளுக்கு ஒரு முறை அனுப்புவார்கள். உள்ளூர்க் கடை விளம்பரத்தில் செலவு ஓடுகிறது. 2011இல் ஐரீன் புயல் வெர்மாண்டைப் புரட்டியபோது அது கைகொடுத்தது. பதிவு போட்டவுடன் தெரிய வேண்டும் என்ற அவசரத்தைக் கைவிட்டதுதான் அதன் பலம் என்று நினைக்கிறேன். காலையில் எழுதிய கோபம் மாலையில் வெளியாகும்போது அதை எழுதியவரே திரும்ப வாங்கிக்கொண்டிருப்பார். வெள்ளநாளுக்கு மட்டும் அந்தத் தாமதத்தைத் தளர்த்தினால் போதும்.

விளம்பர வருமானத்தில் நடத்துவது நமக்குப் புதிதல்ல. மயிலாப்பூர் டைம்ஸை வின்சென்ட் டிசோசா 1994இல் தொடங்கினார். வீட்டுக்கு வீடு இலவசமாகப் போடும் அந்தப் பத்திரிகை டியூஷன், வாடகை வீடு, நகைக்கடை விளம்பரங்களில் ஓடியது. வார்டு அளவிலான சேவைக்கு அவ்வளவு பணமும் வேண்டாம். ஓராண்டுச் சர்வர் செலவைச் சேலையூரில் நாலு கடைக்காரர்கள் பகிர்ந்துகொள்ளலாம். கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் பாடெரி என்ற பெயரில் டயாஸ்போரா, மேட்ரிக்ஸ் சேவைகளை ஆண்டுக்கணக்கில் நன்கொடையிலேயே நடத்தியிருக்கிறார்கள்.

பணத்தால் மூடிய சேவைகள் குறைவு, ஆளால் மூடியவை அதிகம். மாஸ்டடான் டெக்னாலஜி என்ற பெரிய சர்வரை ஒருவரே ஆண்டுக்கணக்கில் நடத்தினார். குடும்பத்தில் நெருக்கடி வந்தது. 2022 இறுதியில் மூடினார். முன்கூட்டியே அறிவித்து, உறுப்பினர்கள் வேறு இடத்துக்குப் போக அவகாசம் கொடுத்தார் என்பது அவர் பண்பு. மாஸ்டடானில் இடம் மாறினால் பின்தொடர்கிறவர்கள் கூடவே வருவார்கள், பழைய பதிவுகள் வராது. நமக்கு முக்கியம் அந்தப் பழைய பதிவுகள்தான். லைன்மேன் நம்பர் அங்கேதான் இருக்கிறது.

ஆகவே குறைந்தது நான்கு பேர் வேண்டும். இருவருக்குச் சர்வர் வேலை தெரிந்திருக்க வேண்டும், இருவருக்கு மனிதர்களைத் தெரிந்திருக்க வேண்டும். முதல் வகையினருக்கு இந்தப் பகுதியில் பஞ்சமில்லை. குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தின் ஏ.யு.-கே.பி.சி. ஆய்வு மையத்தில்தான் 2005இல், சி-டாக் சென்னையோடு சேர்ந்து, கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையம் வந்தது. பாஸ் லினக்ஸ் அந்த முயற்சியில் பிறந்தது. ஐ.ஐ.டி.யில் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை பல ஆண்டுகள் கூடிய சென்னை லினக்ஸ் குழு, ஞாயிறுதோறும் இணையத்தில் சந்திக்கும் காஞ்சிபுரம் லினக்ஸ் குழு, 2012இலிருந்து தமிழில் எழுதிவரும் ‘கணியம்’ என்று கற்றுக்கொள்ள இடங்கள் இருக்கின்றன. இரண்டாவது வகையினர் கிடைப்பது கஷ்டம். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், ரேஷன் கடை வரிசையில் எல்லோரும் பேசுகிற அந்த அக்கா, இப்படி யாராவது.

பொறுப்பை நலச்சங்கத்திடம் கொடுத்துவிடலாமா? தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன் கீழ் ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதியலாம்; பல நலச்சங்கங்கள் ஏற்கெனவே அப்படிப் பதிந்தவை. டொமைனையும் வங்கிக் கணக்கையும் தனிநபர் பெயரில் வைக்காமல் சங்கத்தின் பெயரில் வைத்தால் ஒருவர் அமெரிக்காவுக்குப் போனாலும் சேவை நிற்காது. ஆனால் பூங்கா டெண்டரில் சங்கச் செயலாளருக்கு என்ன வேலை என்று கேட்கும் பதிவை நீக்கச் சொல்லி அதே செயலாளர் தொலைபேசியில் கூப்பிடுவார். சொத்து சங்கத்திடமும் மாடரேஷன் வேறு ஆட்களிடமும் இருக்க வேண்டும், இதை எழுத்தில் போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு தொடங்க வேண்டும் என்பதைத் தவிர இதற்கு எனக்கு வேறு வழி தெரியவில்லை.

70 வார்டுக்கும் சேர்த்து ஒன்று தொடங்குவது வீண் வேலை. ஒரு வார்டு போதும், அதில் இருநூறு முந்நூறு பேர் போதும். வாட்ஸ்அப் குரூப்பை மூடச் சொல்லாதீர்கள், மூட மாட்டார்கள். அங்கே வரும் நல்ல பதில்களை, எழுதியவரைக் கேட்டுவிட்டு, இங்கே எடுத்துப் போடுகிற ஒருவர் இருந்தால் முதல் ஆறு மாதம் ஓடிவிடும். பேக்கப்பை மாதம் ஒரு முறை வேறொரு கணினியில் மீட்டுப் பாருங்கள். மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நம்பக் கூடாது. தொடங்குவதாக இருந்தால் ஆடி, ஆவணியிலேயே தொடங்கிவிட வேண்டும். ஐப்பசியில் மழை பிடித்த பிறகு முடிச்சூரில் யாரும் புதிதாக ஒரு செயலியைக் கற்றுக்கொண்டிருக்க மாட்டார்கள்.